மரவேலிக்கால் நட்டு ஆறு வருடம்: எது நின்றது, எது போனது

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் வீடு. பின்புறம் கொஞ்சம் காப்பி, மிளகு, காய்கறி. அப்பா போட்ட வேலி 2018 ஐப்பசி மழையில் சாய்ந்துவிட்டது. கீழே சேலத்தில் என்றால் யோசிக்காமல் கல்லுக்கால் நட்டிருப்போம். எங்கள் இடமோ சரிவு, வண்டி வராது. அந்த ஒற்றையடிப் பாதையில் கல் சுமப்பது முடியாத காரியம். சரி, மரக்கால்தான் என்று முடிவு செய்து 2019 மாசியில் நட்டோம்.

மொத்தம் 40 கால். கருவேலம் 8, தைலமரம் 26, இரண்டும் சேலம் மரக்கடையில் வாங்கி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவை. மீதி 6 சில்வர் ஓக், எங்கள் தோட்டத்தில் காற்றில் விழுந்த மரம். சும்மா கிடைக்கிறதே என்று அறுத்து நட்டேன். அதைச் செய்யாதீர்கள். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் ஆறும் கையோடு வந்துவிட்டன.

தைலமரத்தில் இதுவரை 11 மாற்றிவிட்டேன். எல்லாமே ஒரே இடத்தில்தான் போயின, மண்ணை ஒட்டிய நாலு விரல் அகலத்தில். மேலே இருக்கும் பகுதி காய்ந்துவிடும், ஆழத்தில் காற்று குறைவு. மண்மட்டத்தில் ஈரமும் உண்டு, காற்றும் உண்டு, பூஞ்சைக்கு அது போதும். அப்புறம் கரையான். நான் தடிமனைப் பார்த்து வாங்கினேன், நடுவில் இருக்கும் கெட்டியான வைரத்தைப் பார்க்கவில்லை. வெளியே வெள்ளையாக இருப்பதை எல்லாம் அரித்த பிறகு நடுவில் மிஞ்சியது மணிக்கட்டு அளவுதான். கருவேலம் விலை கூடுதல், ஆனால் எட்டும் அசையவில்லை. வருடம் ஒருமுறை திருப்புளியால் அடியில் குத்திப் பார்க்கிறேன், முனை இறங்குவதில்லை.

எனக்கு இன்னும் வருத்தம் தருவது கேட் கால்கள் இரண்டும்தான். உறுதியாக இருக்கட்டும் என்று அவற்றுக்கு மட்டும் கான்கிரீட் போட்டேன். வெயிலில் மரம் சுருங்கி இடைவெளி விட்டது, மழைத் தண்ணீர் அதில் இறங்கித் தேங்கியது. மூன்றாம் வருடமே அடி கூழாகிவிட்டது.

குழி தோண்ட வந்த பெரியவர் அன்றே சொன்னார்: “ஏனுங்க தம்பி, சிமிட்டி எதுக்குங்க? அடியில சல்லி போட்டு, மண்ணைக் கெட்டிச்சு, மேல மேடு கட்டி விடுங்க. தண்ணி நிக்காம ஓடணும்.” மாற்றிய கால்களை அவர் சொன்னபடிதான் நட்டேன். இரண்டடி ஆழம், அடியில் ஒரு சாண் சல்லி. தார் பூசியது மண்ணுக்கு மேல் ஒரு முழம் வரை. தலையைச் சாய்வாகச் சீவியதால் மழை உள்ளே ஊறுவதில்லை.

ஆடு, மாடு எதுவும் உள்ளே வருவதில்லை. காட்டுமாட்டுக்கு இந்த வேலி ஒரு பொருட்டே இல்லை, ஒருமுறை மூன்று கால்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அதற்காக மரத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

சில்வர் ஓக் போன இடத்தில் மழைக்கு முன் கல்யாண முருங்கைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டேன். ஆறில் ஐந்து துளிர்த்தன. உயிர்மரம் என்பதால் ஆணி அடிக்கவில்லை, பட்டை கம்பியை விழுங்கிவிடும். பழைய டியூப்பை நாடாவாக வெட்டிக் கம்பியைத் தளர்வாகக் கட்டியிருக்கிறேன். இரண்டில் மிளகுக்கொடி ஏறி, போன தையில் முதல் காய் பறித்தோம். பட்டுப்போன அந்த ஒரு இடத்துக்கும் வைகாசியில் போத்து வெட்டி வைக்க வேண்டும்.