வேலையை விடாமல் வீட்டிலிருந்து ஃப்ரீலான்ஸ்: தளமா, உள்ளூரா, ஏஜென்சியா?

மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டே வெப்சைட், லோகோ, கேட்லாக் என்று வீட்டிலிருந்து செய்து கொடுக்க நினைப்பவருக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு. வேலை தருபவரையும் செய்பவரையும் இணைக்கும் அப்வொர்க், ஃபைவர் மாதிரியான இணையத் தளங்கள். ஊரில் உள்ள கடைகளும் சிறு கம்பெனிகளும். கையில் வேலை குவிந்துபோய் வெளியே பிரித்துக் கொடுக்கும் ஏஜென்சி. எதில் காசு அதிகம் என்றுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். வேலையில் இருப்பவர் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று: இந்த வாடிக்கையாளர் காலை 11 மணிக்கு போன் பண்ணுவாரா, மாட்டாரா?

நேரத்தை முதலில் எண்ணுங்கள். வார நாட்களில் நான்கு இரவு, இரவுக்கு 2 மணி நேரம்; ஞாயிற்றுக்கிழமை 6 மணி நேரம். ஆக 14. ஐந்து பக்க வேர்டுபிரஸ் தளம் ஒன்றுக்கு, படமும் எழுத்தும் கைக்கு வந்துவிட்டால்கூட 20 மணி நேரத்துக்குக் குறையாது. அதாவது இரண்டு வாரம். ஒரு வாரத்தில் தருகிறேன் என்று சொல்பவர் தூக்கத்தை விற்கிறார்.

தளங்கள்

இங்கே கடிகாரம்தான் முதல் வடிகட்டி. லண்டனில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மதியம் 1:30, குளிர்காலத்தில் 2:30. நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள். நியூயார்க்கில் 9 மணி என்றால் இங்கே மாலை 6:30 அல்லது 7:30. கலிஃபோர்னியா என்றால் இரவு 9:30 அல்லது 10:30. பகல் வேலைக்காரருக்குத் தோதானது அமெரிக்காவின் கிழக்குக் கரைதான். வேலை தேடும்போது வாடிக்கையாளர் எந்த நாடு என்பதைவிட எந்த நேர மண்டலம் என்று பாருங்கள்.

கழிவு (கமிஷன்) விஷயத்தில் ஃபைவர் 20 சதவீதம் பிடிக்கும். 100 டாலர் வேலையில் 80 உங்களுக்கு, அதிலும் ரூபாயாக மாற்றும்போது கொஞ்சம் போகும். வேலை முடிந்த பிறகும் புதியவருக்குப் பணம் 14 நாள் நிற்கும். அப்வொர்க்கில் 2023 முதல் சீராக 10 சதவீதமாக இருந்தது. 2025 மே மாதத்திலிருந்து புது ஒப்பந்தங்களுக்கு, வேலையைப் பொறுத்து 15 சதவீதம் வரை. விண்ணப்பிக்கவும் அங்கே காசு உண்டு. விண்ணப்பிக்கச் செலவாகும் டோக்கனுக்கு கனெக்ட் என்று பெயர்; ஒரு கனெக்ட் 0.15 டாலர். 12 கனெக்ட் கேட்கும் வேலைகளுக்கு 20 விண்ணப்பம் போட்டால் 36 டாலர், மூவாயிரம் ரூபாய்க்கு மேல். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்: ஏற்கெனவே ஐம்பது பேர் விண்ணப்பித்த வேலைக்கே மறுபடி போடுகிறார்கள். பதிவாகி ஒரு மணி நேரத்துக்குள், பத்துப் பேருக்கும் குறைவாக விண்ணப்பித்த வேலைக்கு மட்டும் போடுங்கள்.

மணிக்கணக்கு வேலையில் அப்வொர்க்கின் செயலி ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கும். அதை ஆபீஸ் லேப்டாப்பில் நிறுவவே கூடாது. கம்பெனி ரகசியம் வெளியாளிடம் போகும். நீங்கள் செய்யும் வேலை கம்பெனிக்குத் தெரிந்துவிடும்.

உள்ளூர் வாடிக்கையாளர்

கழிவு கிடையாது, போட்டி குறைவு, ஒருவர் இன்னொருவரிடம் சொல்வார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு கேட்லாக் நன்றாக அமைந்தால் பக்கத்துக் கம்பெனியும் கேட்கும். கஷ்டம் பகல் நேரத்தில்தான். "தம்பி, அந்த கலரை மட்டும் மாத்திடுங்க" என்று மதியம் போன் வரும். எடுக்காவிட்டால் நான்கு முறை வரும். தனி எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் வைத்து, மாலை 7 மணிக்கு மேல் பதில் வரும் என்று தானியங்கிச் செய்தி போடுங்கள். முதல் சந்திப்பிலேயே வாயாலும் சொல்லிவிடுங்கள்.

பணத்தை 40-30-30 என்று பிரிப்பது பாதுகாப்பு: தொடங்கும்போது, முதல் வடிவம் காட்டும்போது, ஒப்படைக்கும் முன். திருத்தம் இரண்டு சுற்று. மூன்றாவதற்குத் தனிக் கட்டணம், எழுத்தில். டொமைனையும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்கையும் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) உங்கள் கார்டில் வாங்காதீர்கள். அடுத்த வருடம் புதுப்பிக்கும் நாளில் தளம் நின்றால் பழி உங்களுக்குத்தான்.

ஜிஎஸ்டி பில் கேட்பார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. வரி சேர்க்காத சாதாரண பில் போதும். பதிவில்லாமல் ஜிஎஸ்டி வசூலிப்பதுதான் குற்றம். குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை மட்டும் செய்துவிடுங்கள், இலவசம். பதிவான குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் (எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்) தராத தொகையை, கணக்கு வைத்து வரி கட்டும் கம்பெனி அந்த வருடச் செலவில் காட்ட முடியாது. தரும் வருடத்தில்தான் காட்டலாம். மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே உங்கள் பாக்கியை நினைவுபடுத்துவார்.

ஏஜென்சி

காசு குறைவு. வாடிக்கையாளர் தரும் தொகையில் பாதி வந்தாலே நல்ல ஏஜென்சி. செய்ததை உங்கள் பெயரில் காட்டவும் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஆனால் வாடிக்கையாளரிடம் பேசுவது, பணம் வசூலிப்பது, படம் கேட்டுத் துரத்துவது எல்லாம் அவர்கள் பாடு. 14 மணி நேரமும் வேலைக்கே போகும். வெள்ளி இரவு அனுப்பி திங்கள் காலை கேட்பதுதான் இங்குள்ள தொல்லை. மாதத்தில் எத்தனை வார இறுதி தருவீர்கள் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பான் தராவிட்டால் 20.

எந்த வழியானாலும்

நியமனக் கடிதத்தை எடுத்து "வேறு வேலை" பற்றிய பத்தியைப் படியுங்கள். போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்ததாக 300 பேரை நீக்கியதாக விப்ரோ 2022இல் அறிவித்தது. தமிழக அரசு ஊழியருக்கு 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் உண்டு. அனுமதியில்லாமல் தொடங்கக் கூடாது. ஃப்ரீலான்ஸில் பிஎஃப் இல்லை என்பதால் யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பிடித்த டிடிஎஸ் வருமான வரித் துறையின் வருடாந்திர வரி அறிக்கையில் (26ஏஎஸ்) நிற்கும். அடுத்த கம்பெனிக்கான பின்னணிச் சோதனையில் அதைக் கேட்பவர்கள் உண்டு.

வரியில் சம்பளக்காரர் மறப்பது முன்வரி. டிடிஎஸ் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ கட்ட வேண்டியிருந்தால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15 தேதிகளில் தவணையாகக் கட்ட வேண்டும். ஐடி தொழில்முறையாளர் வரவில் பாதியை லாபமாகக் காட்டும் அனுமான முறையை எடுத்தால் மார்ச் 15 ஒன்றே போதும், வரிக் கணக்குத் தாக்கலுக்குப் படிவம் ஐடிஆர்-4. பழைய பழக்கத்தில் ஐடிஆர்-1 போடக் கூடாது. கூடுதல் வருமானத்தைச் சொல்லி சம்பளத்திலேயே பிடிக்கச் செய்யவும் வழி உண்டு. ஆனால் அது எச்ஆருக்கு நீங்களே எழுதிக் கொடுக்கும் கடிதம்.

பகல் வேலைக்காரர் ஏஜென்சியில் தொடங்கி, ஆறு மாதம் கழித்து கிழக்குக் கரை வாடிக்கையாளர் ஓரிருவரைப் பிடிப்பது நல்லது. உள்ளூர் கடைசியில். சென்னையில் அமெரிக்க ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இந்த வரிசை தலைகீழ்: அவருக்கு மாலை இல்லை, மதியம் உண்டு. கடைக்காரரின் போனை அவர் தாராளமாக எடுக்கலாம்.