ஒரே விலைக்குப் போன இரண்டு தாள்கள்: ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தின் விலைக் காப்பகம் பற்றி ஒரு மதிப்புரை

‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 328ஆம் இதழின் அட்டைக்காக டாட் மெக்ஃபார்லேன் வரைந்த மூல ஓவியம் 2012இல் 6,57,250 டாலருக்கு ஏலம் போனது. ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 180ஆம் இதழின் கடைசிப் பக்கத்துக்காக ஹெர்ப் டிரிம்பே வரைந்த மூலத் தாள் 2014இல் ஏலத்துக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த தொகையும் அதே 6,57,250 டாலர்தான். இரண்டையும் விற்றது அமெரிக்காவின் டாலஸ் நகரிலுள்ள ஹெரிட்டேஜ் ஏல நிறுவனம். முதலாவதை வாங்கியவர் படத்துக்காகவே பணம் கொடுத்தார் என்று ஓரளவு நம்பலாம். ஒரு தலைமுறை காமிக்ஸ் ஓவியர்களின் கையையே மாற்றிவிட்டவரின் முத்திரை அந்த அட்டையின் ஒவ்வொரு கோட்டிலும் இருக்கிறது. இரண்டாவது அப்படிப்பட்டதன்று. டிரிம்பே கதையைத் தெளிவாகவும் விறுவிறுப்பாகவும் சொல்லத் தெரிந்த நல்ல ஓவியர். ஆனால் அந்தத் தாள் அவ்வளவு விலை பெற்றதற்குக் காரணம், வோல்வரின் என்ற பாத்திரம் அதன் கடைசிக் கட்டத்தில்தான் முதன்முதலாக வாசகர் கண்ணில் படுகிறது என்பதே. அந்தப் பாத்திரத்தின் உடையை வடிவமைத்தவர்கூட டிரிம்பே அல்லர், ஜான் ரொமீட்டா.

காமிக்ஸ் மூல ஓவியத்தின் விலையில் ஓவியத் தரம் எவ்வளவு, இளமைக்கால ஏக்கம் எவ்வளவு என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு இந்த நிறுவனத்தின் விலைக் காப்பகத்தைவிடச் சிறந்த பாடநூலை நான் கண்டதில்லை. 1976இல் தொடங்கப்பட்ட ஹெரிட்டேஜ், தான் விற்ற பொருள்களின் படங்களையும் விலைகளையும் விற்ற தேதியையும் இணையத்தில் சேர்த்துவைத்திருக்கிறது. கட்டணமில்லாமல் கணக்கு ஒன்றைத் தொடங்கினால் போதும், ஒரு காசுகூட ஏலம் கேட்காமல் எத்தனை ஆயிரம் பக்கங்களை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.

காப்பகத்தின் முதல் சிறப்பு விலைப்பட்டியல் அன்று, படங்களின் தெளிவு. எழுபதுகளில் வெளிவந்த ஒரு மார்வெல் பக்கத்தைத் திறந்து முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அச்சில் வெறும் கருப்பாகத் தெரிந்த நிழல், தூரிகை எந்தத் திசையில் ஓடியது என்பதைக் காட்டும் பல அடர்த்திகளாகப் பிரிந்துவிடும். ‘இந்த இடத்தைக் கருப்பால் நிரப்புக’ என்று, பின்னால் மை போடுபவருக்காகப் பென்சில் ஓவியர் போட்டுவைத்த சிறிய பெருக்கல் குறி, மையின் அடியிலிருந்து மங்கலாக எட்டிப்பார்க்கும். தவறிப்போன ஒரு விரலின் மேல் வெள்ளை வண்ணம் பூசி மறுபடியும் வரைந்திருப்பார்கள். தனித் தாளில் எழுதி ஒட்டிய வசனக் குமிழின் ஓரம், பசை பழுத்து மஞ்சளாகியிருக்கும். அச்சுக்காகப் படமெடுக்கும் கேமராவின் கண்ணுக்குத் தெரியாத நீலப் பென்சிலில் யாரோ கிறுக்கிய குறிப்புகள் விளிம்பில் கிடக்கும். ஓவியத் தரம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை இந்தப் படங்கள் கற்றுத்தருவதுபோல எந்தக் கட்டுரையும் எனக்குக் கற்றுத்தந்ததில்லை. அச்சில் மலிவாகத் தெரிந்த ஒருவரின் பக்கம் மூலத்தில் பேரழகாக இருப்பதையும், சிறுவயதில் நாம் வியந்து பார்த்த ஒருவரின் பக்கம் மூலத்தில் தடுமாற்றமாக இருப்பதையும் ஒரே மாலையில் பார்த்துவிட முடிகிறது.

விலைக்கு வருவோம். 1984இல் வெளியான ‘சீக்ரெட் வார்ஸ்’ 8ஆம் இதழின் 25ஆம் பக்கம், 2022 ஜனவரியில் 33,60,000 டாலருக்கு விற்றது. 3,30,000 டாலரில் தொடங்கிய ஏலம் அது. வரைந்தவர் மைக் செக். ஒரு கருப்பு உருண்டை உருகி ஸ்பைடர்மேனின் உடலெங்கும் படர்ந்து புதிய உடையாக மாறுகிற காட்சி அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதே ஏல நிகழ்வில், சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு பிரதி 31,80,000 டாலருக்குத்தான் போனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் தாள் எவ்வளவு உயரத்துக்குத் தாவியது என்பது புரியும். செக்கின் கைத்திறனில் எனக்குக் குறை எதுவும் தோன்றவில்லை. ஆனால் அதே தொடரில் அதே கை வரைந்த பிற பக்கங்கள் இந்தத் தொகையில் மிகச் சிறிய பங்குக்குத்தான் விற்றிருக்கின்றன. கோடு அங்கும் அதே கோடுதான்.

1984இல் பன்னிரண்டு வயதில் அந்த இதழைக் கடையில் வாங்கிய சிறுவனுக்கு 2022இல் ஐம்பது வயது ஆகியிருக்கும். கடன்கள் அடைந்து, பிள்ளைகள் வளர்ந்து, கையில் பணம் புழங்குகிற வயது அது. இந்தக் கணக்கு எல்லோரும் சொல்வதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த இதழ் வெளிவந்த நாளில் அது ஓர் உடை மாற்றம் மட்டுமே. அந்தக் கருப்பு உடையே வெனம் என்ற வில்லனாக உருவெடுத்தது 1988இல். பிறகு திரைப்படங்களும் பொம்மைகளும் வந்தன. ஆகவே அந்தப் பக்கத்தின் மேல் இருக்கும் நினைவு 1984இல் உறைந்துபோன ஒன்றன்று. பின்னால் வந்த ஒவ்வோர் ஆண்டும் அதன் மேல் ஒரு படலம் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது, கோயில் விக்கிரகத்தின் மேல் எண்ணெய் ஏறுவதுபோல. ஏக்கத்தை ஒரே ஒரு தலைமுறையின் பலவீனம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இந்தச் சேர்மானத்தைக் கவனிப்பதில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஃப்ராங்க் ஃப்ரஸெட்டா நிற்கிறார். 1969இல் ‘ஈரி’ என்ற திகில் இதழின் அட்டைக்காக அவர் தீட்டிய எகிப்திய அரசி ஓவியம் 2019இல் 54 லட்சம் டாலருக்கும், 1976இல் தீட்டிய ‘டார்க் கிங்டம்’ 2023இல் 60 லட்சம் டாலருக்கும் போயின. ‘ஈரி’யின் அந்த இதழிலிருந்த கதைகளை இன்று யாரும் நினைவு வைத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அந்த எண்ணெய் வண்ணத்தில் இருட்டிலிருந்து தோல் மேலெழுந்து வருகிற விதத்தைப் பார்ப்பதற்கு எந்தக் கதையும் தேவையுமில்லை. இதைத் தரத்தின் தூய வெற்றி என்று எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ‘டார்க் கிங்டம்’ 1979இல் ஓர் அமெரிக்க ராக் இசைக்குழுவின் இசைத்தட்டு உறையாகவும் வந்திருக்கிறது என்பது தெரிந்தபோது அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். காமிக்ஸ் வாசலில் நுழையாத நினைவு இசைத்தட்டு வாசலில் நுழைந்துவிட்டது. உயர்ந்த விலை பெற்ற எதிலும் இந்த இரண்டும் முற்றிலும் தனித்தனியாக இருந்து நான் பார்த்ததில்லை. எது முன்னால் நடக்கிறது, எது பின்னால் வருகிறது என்பதில்தான் வேறுபாடு. ஃப்ராங்க் மில்லரின் பேட்மேன் தொடரான ‘டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ பக்கங்களில் இரண்டும் தோளோடு தோள் உரசியே நடக்கின்றன. மூன்றாம் பகுதியின் முழுப்பக்கக் காட்சி ஒன்று 2011இல் 4,48,125 டாலருக்குப் போனது. முதல் பகுதியின் அட்டை 2022இல் 24 லட்சத்தைத் தொட்டது.

ஏக்கம் உச்சத்தை நிர்ணயிக்கிறது, தரம் அடித்தளத்தை நிர்ணயிக்கிறது என்பதே இத்தனை பார்த்தபின் என் முடிவு. இதற்கான சான்று சூப்பர் ஹீரோக்களிடம் இல்லை, முப்பதுகளின் செய்தித்தாள் தொடர்களில் இருக்கிறது. ஹால் ஃபாஸ்டரின் ‘பிரின்ஸ் வேலியன்ட்’ 1937இல் தொடங்கியது. அலெக்ஸ் ரேமண்டின் ‘ஃப்ளாஷ் கார்டன்’ 1934இல். அவற்றை ஞாயிறுதோறும் காத்திருந்து படித்த சிறுவர்களில் மிகச் சிலரே இன்று உயிரோடு இருப்பார்கள். ஆயினும் அந்த இருவரின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களுக்கு இன்றும் கடும் போட்டி இருக்கிறது. அதே செய்தித்தாள்களில் அதே அளவு புகழோடு ஓடிய எத்தனையோ தொடர்களின் மூலத் தாள்களை, காப்பகத்தில் மிகச் சாதாரணத் தொகைகளுக்குக் காணலாம். வாசகர்கள் போனதும் விலையும் கூடவே இறங்கிவிட்டது. இன்று லட்சங்களில் விற்கும் எண்பதுகளின் பக்கங்களில் எவை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நிற்கும் என்று யோசிக்கிறவர்கள், முதலில் இந்த முப்பதுகளின் தாள்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

காப்பகத்தைப் பயன்படுத்துவோர் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. காட்டப்படும் விலை வாங்குபவர் செலுத்திய மொத்தத் தொகை. அதில் நிறுவனத்தின் கமிஷனும் அடக்கம். மேலே சொன்ன 6,57,250 டாலர் என்பது, சுத்தியல் விழுந்த 5,50,000 டாலரும் அதன் மேல் பத்தொன்பதரை விழுக்காடு கமிஷனும்தான். பிந்தைய ஆண்டுகளில் கமிஷன் 20 விழுக்காடு. 33,60,000 டாலரை 1.2 ஆல் வகுத்தால் 28 லட்சம் என்று சுத்தமாக விடை வரும். பழைய விலையையும் புதிய விலையையும் ஒப்பிடும்போது இந்தக் கழித்தலைச் செய்யாவிட்டால் கணக்கு பிசகும். மேலும், ஒவ்வொரு படத்தின் அடியிலும் உள்ள குறிப்பு விற்பவர் தரப்பு எழுதியது. அதிலுள்ள தகவலை எடுத்துக்கொண்டு புகழ்ச்சியை அப்படியே விட்டுவிடலாம். கடைசியாக, இது ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் மட்டுமே. தனியார் கைமாற்றங்களும் பிற ஏல நிறுவனங்களின் விற்பனையும் இதில் கிடையா. இதை மட்டும் பார்க்கிறவர், உலகத்தில் நல்ல காமிக்ஸ் ஓவியம் என்றாலே முகமூடி அணிந்தவர்கள் சண்டையிடுவதுதான் என்று எண்ணிவிடக்கூடும்.

அந்தக் குறையை ஈடுசெய்யப் பாரிஸ் நகரின் ஆர்ட்கூரியல் நிறுவனத்தின் விற்பனைகளைப் பார்க்க வேண்டும். டின்டின் நாயகனாக வரும் ‘நீலத் தாமரை’க்காக ஹெர்ஜே 1936இல் வரைந்து, வண்ண அச்சுக்கு அதிகச் செலவாகும் என்று கைவிடப்பட்ட அட்டை ஓவியம், 2021இல் அங்கே 31,75,400 யூரோவுக்குப் போனது. பதிப்பாளரின் ஏழு வயது மகனுக்கு ஹெர்ஜே அதைக் கொடுத்ததாகவும், அது மடித்து இழுப்பறையில் வைக்கப்பட்டிருந்ததாகவும் ஏலத்தின்போது சொல்லப்பட்டது. மடிப்புத் தழும்புகள் படத்தில் நன்றாகவே தெரிகின்றன. அஞ்சல்தலையாக இருந்திருந்தால் அந்த மடிப்பு விலையைக் கொன்றிருக்கும். இங்கே அது ஒரு சிறுவனின் கை பட்ட அடையாளமாகிவிட்டது.

இந்தக் காப்பகத்தை நான் முறையாகப் படிக்கத் தொடங்கியதற்கே ஒரு கசப்பான அனுபவம்தான் காரணம். ஒரு வெளிநாட்டு விற்பனையாளரிடம், பெயர் சொல்ல விரும்பவில்லை, நான் சிறுவயதில் மிகவும் நேசித்த ஒரு பாத்திரத்தின் பக்கத்தை வாங்கினேன். தபாலும் சுங்கமும் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் ஆயிற்று. பொதியைப் பிரித்துச் சன்னலோரம் வைத்துப் பார்த்தபோது, தாளில் பென்சில் தடமே இல்லை. பென்சில் ஓவியத்தை வேறெங்கோ ஸ்கேன் செய்து, வெளிர்நீலத்தில் அச்சிட்டு, அந்த அச்சின் மேல் மை போட்டிருக்கிறார்கள். தொழிலில் இது சகஜமான முறைதான், இழிவும் இல்லை. ஆனால் விளம்பரத்தில் முதலாவதாகப் போட்டிருந்த ஓவியரின் கை அந்தத் தாளில் பட்டதே கிடையாது. ஏக்கம் கண்ணை மறைத்துவிட்டதால் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை நான் கேட்கத் தவறினேன். அன்றிலிருந்து எந்தப் பக்கத்தையும் முதலில் பெரிதாக்கி, மையின் அடியில் பென்சில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலையைப் பார்க்கிறேன்.

தமிழ் வாசகர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி, நம் ஏக்கத்துக்கு இந்தச் சந்தையில் விலை உண்டா என்பது. 1972இல் முத்து காமிக்ஸ் வழியாக நம்மிடம் வந்த இரும்புக்கை மாயாவி, 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்தவர். வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. வெளிச்சத்தையும் நிழலையும் புகைப்படத்துக்கு நெருக்கமாகவும் அதே நேரத்தில் தூரிகையின் ஈரம் உலராமலும் வரைந்த கலைஞர் அவர். என் கணிப்பில், மேலே சொன்ன பல லட்ச டாலர் பக்கங்களை வரைந்தவர்களில் பெரும்பாலோரைவிட அவருடைய கை உயர்ந்தது. இருந்தும் அவருடைய மூலத் தாள்கள் பிரிட்டிஷ் ஏலங்களில், அமெரிக்கப் பக்கங்களோடு ஒப்பிடவே முடியாத குறைந்த விலைக்குத்தான் போகின்றன. மாயாவிக்குப் பின்னால் திரைப்படம் வரவில்லை, பொம்மை வரவில்லை. அவரை உயிராக நேசிக்கும் நாம் அந்த ஏல அறைக்குப் போவதுமில்லை.

மாயாவியான கிராண்டேல் மறைந்துபோய், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் ஒரு கதவின் கைப்பிடியைத் திருப்புகிற மாதிரியான கட்டம் உள்ள ஒரு பக்கத்தை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட கட்டத்தில் ஓவியர் வரைய வேண்டிய ஆளே அங்கு இல்லை. கையின் உலோக மினுக்கத்தையும் அறையின் நிழலையும் வைத்தே ஓர் ஆள் நிற்பதை நாம் உணரும்படி செய்ய வேண்டும். அது கிடைக்கும் நாளில் அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை, பிளாஸ்கோவின் பழைய விற்பனை விலைகளைப் பார்த்து இப்போதே எழுதிவைத்துவிட்டேன்.