வாரிசுப் பட்டியலில் அப்பத்தாவை விட்டுவிட்டு என்னிடம் 42,000 ரூபாய் வாங்கினார்கள்

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 42,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் சங்கிலியை அடகு வைத்த பணம்.

அப்பா தை மாதம் தவறினார். உச்சிப்புளிக்குக் கிழக்கே அவர் சம்பாதித்து வாங்கிய 22 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. ஷார்ஜாவில் இருக்கும் தம்பி, "எனக்குப் பங்கு வேணாம், அம்மா பேருக்கே எழுதிருவோம்" என்று சொல்லிவிட்டான். எனக்கும் அதுதான் எண்ணம். வாரிசு சான்று வாங்கி, நானும் தம்பியும் எங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து, பட்டாவை மாற்றினால் வேலை முடிந்தது. கருவாட்டுக் கடையைப் போட்டுவிட்டு ஒவ்வொரு ஆபீசாக அலைய முடியாது என்று போனில் தேடினேன். குடும்பச் சொத்து வேலைகளை வீட்டில் இருந்தபடியே முடித்துத் தருகிறோம் என்று ஓர் இணையச் சேவைக் கம்பெனி வந்தது. பெயரை இப்போதைக்குப் போட வேண்டாம் என்று இன்று பார்த்த வக்கீலம்மா சொல்லியிருக்கிறார், அதனால் விடுகிறேன்.

பேசிய பையன் நம்ம பக்கத்துப் பேச்சே பேசினான். அதில்தான் விழுந்தேன். "அக்கா, எனக்குத் தொண்டிப் பக்கம்தான். துக்க வீட்டுல காசு பேச எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. முதல்ல 2,000 போடுங்க, மிச்சத்தை மெதுவாப் பாத்துக்கலாம்" என்றான். அப்பாவுக்கு என்ன செய்தது, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் கிடந்தார் என்று எல்லாம் கேட்டான். சொந்தக்காரர்களே அவ்வளவு பொறுமையாகக் கேட்கவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். "சரிக்கா, வாரிசு யார் யாரு?" என்றான். அம்மா, நான், தம்பி என்றேன். அப்பாவைப் பெற்றவள் இருக்கிறாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பத்தா அப்போது திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் 2,000, அப்புறம் 15,000. சித்திரையில் தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுத்துத் தம்பி எழுதிய பவர் பத்திரம் வந்ததும் அதைக் கூரியரில் அனுப்பச் சொல்லி, "அரசுக் கட்டணம்" என்று 25,000. அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, என் கடையிலும் பழைய சரக்குதான் கிடந்தது. சங்கிலி போனது அதற்குத்தான்.

அதோடு பையனைக் காணோம். வேறு நம்பர், வேறு குரல். "சர்வர் டவுன் மேடம்." "தாசில்தார் மீட்டிங்ல இருக்கார் மேடம்." அக்கா போய் மேடம் வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "டிக்கெட் போட்டிருக்கோம், 48 மணி நேரத்துல பதில் வரும்." அந்த 48 மணி நேரம் எத்தனை தடவை வந்து போனதோ, எண்ணுவதையே விட்டுவிட்டேன். நடுவில் ஒரு மெசேஜ் மட்டும் தவறாமல் வந்தது: எங்கள் சேவைக்கு 5 நட்சத்திரம் கொடுங்கள்!

நேற்று நானே வி.ஏ.ஓ.விடம் போனேன். "உங்க வாரிசு விண்ணப்பம் எப்பவோ திரும்பிருச்சேம்மா. அப்பத்தா உசுரோட இருக்காங்க, அவங்க பேரை விட்டுட்டு எப்படிக் குடுக்குறது? அதுல இருந்த நம்பருக்குப் போன் போட்டேன், யாரோ எடுத்து பார்ட்டிகிட்ட சொல்றேன்னாரு" என்றார். அந்த நம்பர் என்னுடையதே இல்லை. என் விண்ணப்பத்தில் அவர்கள் நம்பரைப் போட்டிருக்கிறார்கள். வந்த தகவல் எல்லாம் அவர்களுக்கே போயிருக்கிறது. இ-சேவை மையத்தில் அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் 60 ரூபாய். 42,000 வாங்கிக்கொண்டு ஆபீசில் செய்த வேலை அது ஒன்றுதான்.

உயில் எழுதாமல் ஒரு ஆண் இறந்தால், மனைவி பிள்ளைகளோடு அவரைப் பெற்ற தாய்க்கும் சம பங்கு என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். தோப்பில் நாலில் ஒரு பங்கு அப்பத்தாவுக்கு. அவர்கள் அனுப்பிய விடுதலைப் பத்திர வரைவில் மூன்றாகப் பிரித்திருந்தார்கள். விஷயம் தெரிந்ததும், "நான் இருக்கையிலயே என்னையக் கழிச்சுட்டீகளாடி" என்றாள் அப்பத்தா. மூன்று பேர் என்று சொன்னவள் நான்தானே. அவள் முகத்தில் முழிக்க முடியவில்லை.

பவர் கதை இதைவிடக் கொடுமை. வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதைப் பிரிக்காமலே வைத்திருந்து கெடுவைத் தாண்டவிட்டார்கள். தம்பி சம்பளத்தை விட்டு துபாயில் இந்தியத் துணைத் தூதரகம் வரை போய்ப் போட்ட கையெழுத்து வீண். கேட்டால், "புதுப் பவருக்கு உங்களுக்கு மட்டும் சலுகை விலை 9,000 மேடம்!"

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வேலை தொடங்கிவிட்டதாம், வராதாம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றதற்கு, "வக்கீல் சேவைக்கு அங்க போக முடியாதுன்னு 2024லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு" என்று சிரிக்கிறான் ஒருவன்.

இன்று காலை ராமநாதபுரத்தில் இலவச சட்ட உதவி கேட்டுப் போனேன். தீர்ப்பு உண்மைதான், ஆனால் அது வக்கீல்களுக்கு, நடுவில் நிற்கும் கம்பெனி அதற்குள் ஒளிந்துகொள்ள முடியாது என்றார் வக்கீலம்மா. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் தருவார்கள் என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் புகார் சொல்லிவிட்டேன். 42,000 ரூபாயை விடப்போவதில்லை.

என்ன செய்யலாம், செய்யக் கூடாது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரம் ஆகிவிட்டது. எந்த விண்ணப்பத்திலும் உங்கள் நம்பரையே போடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பார்க்காமல் அடுத்த தவணை கொடுக்காதீர்கள். முத்திரைத் தீர்வை என்று கேட்டால் உங்கள் பெயரில் செலான் கேளுங்கள். அசல் பவரைக் கூரியரில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

நாலு மணிக்கு இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும். அப்பத்தாவின் ஆதார் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அரிசிப் பானைக்குள் வைத்ததாகச் சொல்கிறாள்.