கீமோவுக்கு நடுவே படிப்பு: வீட்டுத் துணைப்பாடமா, நிலையமா, பாதி நாள் பள்ளியா?

பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும் வகை ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீளும். "முழுசா குணமாகட்டும், அப்புறம் பள்ளிக்கூடம்" என்று காத்திருந்தால் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 3இல் நின்ற படிப்பு, தொடக்கநிலை 6இன் இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ நெருங்கும்போதுதான் மீண்டும் தொடங்கும். அக்கா மகனுக்காக நாங்கள் மூன்று வழிகளையும் பார்த்துவிட்டோம்.

நம் வீடுகளில் முதலில் வாயில் வருவது துணைப்பாடம். கவுண்ட், அதாவது ரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை, குறைந்த வாரங்களில் தொற்று பயம் இல்லை, அசதியாக இருந்தால் படுத்துக்கொள்ளலாம். கணக்கு விட்டுப்போகவில்லை, சரி. ஆனால் மூன்று மாதத்தில் பையனுக்கு வீட்டு ஆட்களை விட்டால் வேறு பேச்சுத் துணையே இல்லை. செலவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது நிலையம். 1992 முதல் இயங்கும் சிறார் புற்றுநோய் அறநிறுவனம் படிப்புக்கும் கைகொடுக்கிறது. ஆர்க் சில்ட்ரன்ஸ் சென்டரும் இத்தகைய பிள்ளைகளுக்கானதுதான். அங்கே தொப்பியைக் கழற்றி வைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கீமோ கடுமையாக இருக்கும் மாதங்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே சிக்கல், பழகிவிட்டால் பையனுக்குக் கிளம்ப மனம் வருவதில்லை.

மருத்துவர் தலையாட்டிய பிறகு பாதி நாள் பள்ளி. என் ஓட்டு இதற்குத்தான், தலைவலிகள் இருந்தாலும். வகுப்பு மூன்றாம் மாடியில். முதல் நாள் இரண்டாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அவன்கிட்ட கவனமா இருங்க" என்று ஆசிரியர் வகுப்பில் சொல்லப்போக, ஒரு வாரம் யாரும் அவனோடு விளையாடவில்லை. இது ஒட்டிக்கொள்ளும் நோயில்லை என்பதையும் அன்றே சொல்லியிருக்கலாம்! பிறகு பள்ளி ஆலோசகர் வந்து பேசினார்.

எங்களுக்குக் கைகொடுத்தது தமிழ் வகுப்பு. பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு சின்னது. அவனுடையதில் பதினோரு பேர். தமிழும் இடைவேளையும் மட்டும் என்று தொடங்கினோம். கேண்டீனில் நண்பனோடு நூடல்ஸ் சாப்பிட்ட அரைமணி நேரத்தை எந்தத் துணைப்பாடமும் தராது.

பள்ளியிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டியவை இரண்டு. வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே போன் வர வேண்டும். தடுப்பு மருந்தைத் தாமதமாகக் கொடுத்தால் பலன் குறையும். இன்னொன்று தேர்வு. சிகிச்சையால் கவனமும் வேகமும் குறைந்திருந்தால் பிஎஸ்எல்இயில் கூடுதல் நேரம் கேட்கலாம். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். பையனை மாதக்கணக்கில் பார்க்காத ஆசிரியர் எதை எழுதுவார்?

கணக்குக்கு மட்டும் துணைப்பாடத்தை வைத்துக்கொண்டோம். பதினொன்றரைக்கு அக்கா பள்ளி வாசலில் நிற்பாள். போன வாரம், "நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வாங்கம்மா" என்றானாம்.