அம்மாவின் கையிலா, குழந்தையின் தொடையிலா? ஆர்எஸ்வி-க்கு இரண்டு ஊசிகள்

வெறும் மூக்கொழுகலாகத்தான் ஆரம்பிக்கும். மூன்று நாலு நாளில் குழந்தைக்கு மூச்சிரைக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழியும். நாலு வாய் பால் குடிப்பதற்குள் களைத்துப்போய் மார்பை விட்டுவிடும். பெரியவர்களுக்குச் சாதாரணச் சளியாக வந்துபோகும் ஆர்எஸ்வி வைரஸ், கைக்குழந்தையின் மெல்லிய மூச்சுக்குழல்களை இப்படி அடைத்துவிடுகிறது. 2019-இல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இது கொன்றிருக்கும் என்பது உலக அளவிலான மதிப்பீடு.

இதைத் தடுக்க இப்போது முக்கியமாக இரண்டு வழிகள். கர்ப்பிணிக்குப் போடும் அப்ரிஸ்வோ தடுப்பூசி ஒன்று. பிறந்த குழந்தைக்கே போடும் நிர்செவிமாப் இன்னொன்று. அமெரிக்கா இரண்டையும் 2023-இல் அனுமதித்தது.

முதலாவது வீட்டுச் சமையல்: அம்மாவின் உடம்பு வைரஸை எதிர்க்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) தயாரித்து நஞ்சுக்கொடி வழியாக அனுப்பிவைக்கிறது. இரண்டாவது பார்சல் சாப்பாடு: ஆய்வகத்தில் செய்த எதிர்ப்பொருளே நேராகக் குழந்தையின் தொடைக்குள் போகிறது. கறாராகச் சொன்னால் அது தடுப்பூசியே இல்லை. எப்படி வந்தாலும் குழந்தைக்கு இது இரவல் பலம்தான். சில மாதங்களில் கரைந்துவிடும்.

எது பலமானது என்று கேட்பதைவிட, எது குழந்தையைத் தவறவிடாது என்று கேட்பதே சரி என்பேன்.

ஸ்பெயினின் கலீசியா மாநிலம் 2023 செப்டம்பரில் நிர்செவிமாபைக் கையில் எடுத்தது. குளிர்காலத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவமனையிலேயே போட்டார்கள். ஏப்ரல் முதல் பிறந்திருந்தவர்களையும் கூப்பிட்டுப் போட்டார்கள். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் போட்டாயிற்று. ஆர்எஸ்வி-யால் மருத்துவமனையில் சேர்வதை அது சுமார் 82 சதவீதம் தடுத்தது.

இங்கிலாந்து 2024 செப்டம்பரில் அம்மா வழியைத் தேர்ந்தது. கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்திலிருந்து, ஆண்டு முழுவதும். பிரசவத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் முன்னதாகப் போட்டிருந்தால் சுமார் 72 சதவீதப் பாதுகாப்பு. ஆனால் முதல் குளிர்காலத்தில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேரே போட்டுக்கொண்டார்கள். நாடும் வேறு, பருவமும் வேறு என்பதால் 82-ஐயும் 72-ஐயும் பக்கத்தில் வைத்து மார்க் போடக்கூடாது. எத்தனை பேரை எட்டியது என்பதில்தான் எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

ஏப்ரலில் பிறக்கும் ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். ஆர்எஸ்வி உச்சத்துக்கு வரும் டிசம்பரில் அதற்கு எட்டு மாதம். அப்ரிஸ்வோவின் முக்கியப் பரிசோதனையில் கடும் நோய்க்கு எதிரான திறன் மூன்று மாதம் வரை சுமார் 82 சதவீதம், ஆறு மாதக் கணக்கில் 69. அதற்கப்புறம் இரவல் தீர்ந்துகொண்டே போகும். கலீசியாவில் அதே குழந்தைக்குக் குளிர் தொடங்கும்போது ஊசி. குறைந்தது ஐந்து மாதம் தாங்கும். குறைமாதத்தில் பிறப்பவர்கள் பாடு இன்னும் மோசம். 29-ஆம் வாரத்தில் பிறந்துவிட்டால் அம்மாவின் ஊசிக்கு நேரமே இருந்திருக்காது. அதனால்தான் இங்கிலாந்தும் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நிர்செவிமாபை வைத்திருக்கிறது.

அப்ரிஸ்வோ பரிசோதனையில் ஊசி போட்டவர்களிடம் குறைப்பிரசவம் 5.7 சதவீதம். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களிடம் 4.7. புள்ளியியல்படி இது உறுதியான வித்தியாசமில்லை. என்றாலும் அமெரிக்கா எச்சரிக்கையாக 32 முதல் 36-ஆம் வாரம் என்று வரம்பு கட்டியது.

விலையில் அம்மா வழி ஜெயிக்கிறது. அமெரிக்காவில் அறிமுகமானபோது அப்ரிஸ்வோ 295 டாலர், நிர்செவிமாப் 495. பேறுகாலப் பரிசோதனைக்குப் பெண்கள் ஒழுங்காக வரும் ஏழை நாட்டுக்கு அப்ரிஸ்வோதான் நடக்கக்கூடிய காரியம். பிறந்த நிமிடத்திலிருந்தே காவல் இருக்கும் என்பதும் அதற்குச் சாதகம். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் நான் நிர்செவிமாபின் பக்கம். இரண்டும் சேர்த்துப் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படாது.

இங்கிலாந்தில் நிறைமாதக் குழந்தைக்கு வழக்கமாக இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அங்கே இருப்பவர்கள் 28-ஆம் வாரச் சந்திப்பிலேயே மிட்வைஃபிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.