டூரிங் பைக்குக்குச் சீட் மாற்றுகிறீர்களா? கம்பெனி சீட்டைக் கழற்றிக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

டூரிங் பைக்கின் சீட்டை மாற்றித் தருவதாகச் சொன்ன வேலூர்க் கடை ஒன்றில் 11,500 ரூபாயையும், அதைவிடப் பெரிய இழப்பாக வண்டியோடு வந்த அசல் சீட் பேஸையும் (சீட்டின் அடித்தட்டு) பறிகொடுத்துவிட்டு, கோபம் தணியாத நிலையிலேயே இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சீட் கவர் தைப்பது, கிராஷ் கார்டும் சேடில் பேக்கும் விற்பது, அவற்றைப் பொருத்தும் காட்சிகளைப் படம்பிடித்து இணையத்தில் போடுவது என்று நடக்கும் கடைகள் வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பல உண்டு. அவற்றுள் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சீட் மாற்ற நினைப்பவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

வேலை நிமித்தமாக நான் பெங்களூருக்கு அடிக்கடி வண்டியிலேயே போய் வருபவன். வேலூரிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாலை நன்றாக இருக்கிறது, வண்டியும் சளைக்காது, ஆனால் வாணியம்பாடி தாண்டும்போதே உட்காரும் எலும்பு வலிக்கத் தொடங்கிவிடும். கம்பெனி சீட்டைக் குறை சொல்ல மாட்டேன். அது சராசரி உயரமும் எடையும் கொண்ட எல்லோருக்குமாக வார்க்கப்படுவது. என் உடம்புக்கு அதன் முன்பகுதி சற்றுச் சரிவாக இருந்ததால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்க் பக்கமாக வழுக்கிக்கொண்டு போவேன், அவ்வளவுதான். பின்னால் உட்காரும் என் மனைவிக்கும் இடம் போதவில்லை. அகலமான, நல்ல குஷன் வைத்த சீட் ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது இதனால்தான்.

கடைக்காரர் பேசிய விதத்தை நான் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை நம்ப வைத்தது அதுதான். அவர் விலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. என்னை வண்டியில் உட்காரச் சொல்லி, எலும்பு எங்கே அழுந்துகிறது என்று கையால் காட்டச் சொல்லி, அந்த இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டார். என் மனைவியையும் ஏறச் சொல்லி, அவர் கால் வைக்கும் கோணத்தைக்கூடப் பார்த்தார். "கம்பெனிக்காரன் எல்லாருக்கும் ஒரே அச்சுல அடிக்கிறான் சார், நான் உங்க உடம்புக்கு அடிக்கிறேன்" என்றார். பிறகு உள்ளேயிருந்து ஒரு தோல் துண்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "மோந்து பாருங்க, ஆம்பூர் தோலு. ஊர்ல இருக்கிறவன்லாம் நம்ம தோல்ல ஷூ போட்டுகினு சுத்துறான், நம்ம வண்டிக்கு ரெக்சின் போட்டா நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். என் மாமா பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். தோலின் வாசனையும் அறுத்த விளிம்பில் தெரியும் நாரும் எனக்குச் சிறுவயது முதலே தெரிந்தவை. என் கையில் இருந்தது அசல் தோல்தான். அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் இன்றுவரை என் வயிற்றைக் கலக்குகிறது. "வேற பேஸ் மேல கட்டுனா லாக் ஒக்காராது சார், வழியில கழண்டுக்கும். உங்க பேஸ் மேலயே கட்டித் தரேன், பழைய குஷனையும் மூட்டையா கட்டி உங்ககிட்டயே குடுத்துடுறேன்" என்றார். சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் தட்டுதான் சீட்டின் உயிர். அதன் முன்நாக்கு டேங்குக்கு அடியில் நுழைந்து பிடிக்க வேண்டும், பின்கொக்கி லாக்கில் துல்லியமாக விழ வேண்டும், அடியில் இருக்கும் ரப்பர் கட்டைகள் எடையைச் சட்டத்தின் மேல் சமமாக இறக்க வேண்டும். இவ்வளவையும் எனக்கு விளக்கியவர் அவர்தான். தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் அவருக்காகப் பேச முடியாது.

11,500 ரூபாய் என்று பேசி, 7,000 ரூபாயை முன்பணமாகக் கைப்பேசி வழியாக அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், எதுக்கு வீணா" என்று சொல்லி, ஒரு துண்டுத்தாளில் லெதர், ஜெல் (குஷனுக்குள் வைக்கும் மெத்தென்ற பட்டை), ஓன் பேஸ், 11,500 என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

சொன்ன நாளுக்கு ஒரு வாரம் கழித்துச் சீட் வந்தது. பார்ப்பதற்கு அழகாக இருந்ததை மறுக்க மாட்டேன். மீதிப் பணத்தைக் கொடுத்தபோது பழைய குஷனைக் கேட்டேன். குடோனில் இருக்கிறது, மறுநாள் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். காட்பாடிப் பாலம் ஏறி இறங்கும்வரை மெத்தையில் உட்கார்ந்ததுபோல் இருந்த சீட், பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் அமுங்கிப்போய், அடித்தட்டு நேராக எலும்பில் இடிக்கத் தொடங்கியது. மறுநாள் போய்ச் சொன்னபோது, "500 கிலோமீட்டர் ஓட்டுங்க சார், ஃபோம் செட் ஆவும்" என்ற பதிலே கிடைத்தது.

பிறகு மனைவியோடு ஏலகிரிக்குப் போனேன். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் வண்டியைச் சாய்த்துத் திருப்பும்போது பின்பக்க லாக் விட்டுவிட்டது. சீட் மேலெழும்பி ஒரு பக்கமாக நகர, என் மனைவி என் தோளைப் பற்றிக்கொண்டதால் கீழே விழாமல் தப்பித்தார். வேகம் குறைவாக இருந்தது, எதிரே பேருந்து வரவில்லை. 11,500 ரூபாய் வாங்கிக்கொண்டு இன்னொருவரின் உயிரோடு விளையாடுவதற்கு இவர்களுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கயிற்றால் கட்டிக்கொண்டு மெதுவாக இறங்கி வந்த அந்த வாரமே வடகிழக்குப் பருவமழையும் பிடித்துக்கொண்டது. வெயில் வந்த பின்பும் உட்கார்ந்தால் கால்சட்டை நனைந்தது. உட்காரும் பரப்பின் நடுவிலேயே அலங்காரத் தையல் போட்டிருந்தார்கள். ஊசித் துளை ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வழி. காட்பாடியில் நெடுங்காலமாகச் சீட் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பின்களைப் பிடுங்கிக் கவரை உரித்ததும் எல்லாம் வெளியே வந்தது. கவரின் உட்புறத்தில் நெய்த துணி தெரிந்தது. தோலுக்கு உட்புறம் நாராக இருக்குமே தவிரத் துணியாக இருக்காது, ஆகவே அது ரெக்சின். உள்ளே கம்பெனி வார்த்த ஒரே துண்டு ஃபோம் இல்லை. பல நிறத் தூள் பஞ்சை ஒட்டிச் செய்த ஃபோமும் அதன்மேல் மெல்லிய ஸ்பாஞ்சும் தண்ணீர் குடித்துக் கிடந்தன. ஜெல் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. "அடிப்பக்கத்தையும் பாத்துடு தம்பி" என்று அவர் திருப்பிக் காட்டினார். அது என் பேஸே இல்லை. கையால் இழைத்த ஃபைபர் தட்டு, ரப்பர் கட்டைகள் கிடையாது, கொக்கிக்காகத் துளை போட்டு போல்ட் முடுக்கியிருந்தார்கள், அதன் விளிம்பு உராய்ந்து சீட்டுக்கு அடியில் போகும் வயரின் மேலுறை கிழிந்திருந்தது.

சார்ஜர் வயர் இழுத்தபோது என் கம்பெனி சீட்டின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அச்சில் வார்த்த பாகத்தின் எண் அதில் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் படத்தோடு கடைக்குப் போனேன்.

முதலில், சீட் தைத்த மாஸ்டர் வாலாஜா போயிருக்கிறார், "வந்துகினு இருக்காரு" என்றார்கள். மாலைவரை காத்திருந்தும் மாஸ்டர் வரவில்லை. அடுத்த முறை, "இது உங்க பேஸ்தான் சார், பெயிண்ட் அடிச்சிருக்கோம்" என்றார் கடைக்காரர். படத்தைக் காட்டியதும் பேச்சு மாறியது: "உங்க பேஸ் ஒடஞ்சி இருந்துச்சி, அதான் மாத்துனோம், சொல்லலாம்னுதான் இருந்தோம்." உடைந்த பேஸையாவது கொடுங்கள் என்றேன். குடோனைக் கைகாட்டினார். தோல் எங்கே என்றேன். "லெதர்னா லெதர் ஃபினிஷ் சார்." என் கையில் தோலை வைத்து முகர்ந்து பார்க்கச் சொன்ன அதே மனிதர், கண்ணை நேராகப் பார்த்து இதைச் சொன்னார். கடைசியில், வேறு வாடிக்கையாளர்கள் முன்னால், "இன்னா சார், 11,500-க்கு இவ்ளோ பேசுறீங்க" என்று என்னையே சிறுமைப்படுத்தினார். 11,500 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை அல்ல. சேடில் பேக் வாங்கினால் 1,500 ரூபாய் கழித்துக்கொள்வதாகச் சொன்னதுதான் அவர்கள் தர முன்வந்த ஒரே ஈடு. அதை மறுத்த அன்றிரவே என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். அந்தக் கடையின் சுவர் அலமாரியில் 'ஒரிஜினல் சீட், யூஸ்டு' என்று அட்டை கட்டிய கம்பெனி சீட்டுகள் வரிசையாக விற்பனைக்கு இருக்கின்றன என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்க மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமலும் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றுக்குக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. துண்டுத்தாள், பணம் அனுப்பிய சான்று, இரண்டு பேஸ்களின் படங்கள், உரித்த கவர் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

விரிவாகச் சொல்வதாக எழுதினேன். இப்போதைக்குச் சுருக்கமாகத்தான் முடிகிறது. கம்பெனி சீட்டைக் கொடுக்காதீர்கள். அதே மாடலின் பழைய சீட் ஒன்றை வாங்கி அதன் பேஸின் மேல் கட்டச் சொல்லுங்கள். கொடுத்தே தீர வேண்டுமானால் அடிப்பக்கத்தையும் எண்ணையும் படம் எடுத்து, பேஸின் உட்புறம் உங்கள் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள். கவர் மூடுவதற்கு முன் ஃபோமை நேரில் பாருங்கள். லாக் போட்டபின் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்து முழு பலத்தோடு மேலே இழுத்துப் பாருங்கள். கடை வாசலில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து முடிவு செய்யாமல், குறைந்தது அரைமணி நேரம் ஓட்டிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். பில் இல்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இதே வட்டாரத்தில் யாருக்காவது இப்படிப் பேஸ் மாறிப் போயிருந்தால் தெரியப்படுத்துங்கள். நாளைக் காலை ஆணையத்தில் கொடுக்கப்போகும் மனுவுக்கு இன்னும் நகல் எடுக்க வேண்டியிருப்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.