மதுரையைச் சுத்திப் பாக்க நடையா, பைக்கா, சைக்கிளா? ஊர்க்காரன் மூணுலயும் போய்ப் பாத்தது

கோயம்புத்தூர்ல இருந்து சித்தப்பா மகன் வந்திருந்தப்ப, அண்ணே ஊரைச் சுத்திக் காட்டுங்கன்னான். மீனாட்சி கோயில், மகால், தெப்பக்குளம்னு மூணு சொன்னேன், நாலாவது வாயில வரல. பொறந்து வளந்தது எல்லாம் சிம்மக்கல்லுதான், அதான் மனசு ரொம்ப உறுத்திருச்சு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமையானா வெளியூர்க்காரங்க பாக்குற மாதிரி என் ஊரை நானே பாக்கக் கிளம்பிட்டேன், கொஞ்ச நாள் நடந்து, கொஞ்ச நாள் பைக்ல, அப்புறம் சைக்கிள்ல. சைக்கிள் பக்கம்தான் இப்ப நிக்கிறேன், ஆனா மத்த ரெண்டுக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லிடுறேன்.

கோயிலை ஒட்டின தெருவுகளுக்கு நடைதான். சித்திரை வீதிக்குள்ள வண்டி விடுறதில்ல, அதனால அங்க பேச்சுக்கே இடமில்ல. புதுமண்டபத்தைத் தாண்டி கிழக்க வந்தா ராய கோபுரம், கட்டி முடிக்காம அடிப்பகுதியோட நின்னுபோனது. அந்த வாசல் நிலைக்கல்லு ரெண்டையும் அண்ணாந்து பாருங்க, கொடி கொடியா செதுக்கி மேல வரைக்கும் போகுது. இது கட்டி முடிஞ்சிருந்தா எம்புட்டு ஒசரம் நின்னிருக்கும்னு யோசிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் நிக்கணும், அதுக்கு கால்லதான் போகணும். என்ன, மாசி வீதிக்கு வர்றதுக்குள்ள வெயில் ஏறிடுது, அதுக்கு மேல தெப்பக்குளம் வரைக்கும் நடக்க நம்ம ஊரு வெயில்ல யாருக்கும் தெம்பு இருக்காது.

பைக்ல தூரம் ஒரு விஷயமே இல்ல. ஆனைமலை, அழகர்கோயில், திருப்பரங்குன்றம்னு ஒரே நாள்ல முடிச்சிடலாம், வயசான அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு அதுதான் சரி, அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா கிளம்புற இடமும் போய்ச் சேர்ற இடமும்தான் கண்ணுல நிக்கும், நடுவுல உள்ள ஊரு நிக்காது. மேல மாசி வீதியில 251 ஏ நம்பர் வீட்டைத் தாண்டி வருசக்கணக்கா பைக்ல போயிருக்கேன். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி அரையாடைக்கு மாறினது அந்த வீட்டுல தங்கியிருந்தப்பதான். தெரியும், பள்ளிக்கூடத்துலயே படிச்சது, ஆனா ஒருநாளும் வண்டியை நிறுத்திப் பாத்ததில்ல, ஏன்னா நிறுத்தணும்னா இடம் தேடணும், பின்னால வர்றவன் ஹாரன் அடிப்பான், சரி அப்புறம் பாப்போம்னு போயிடுவோம். சைக்கிளை ஓரமா சாச்சு வச்சிட்டு நின்னா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.

சைக்கிள்ல எனக்கு முதல்ல புரிஞ்சது கோட்டைதான். வெளி வீதி நாலும் இருக்குல்ல, அது பழைய கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த தடம். 1840கள்ல கலெக்டரா இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடிச்சு அகழியைத் தூத்துத்தான் அந்த ரோடு வந்துச்சு, விளக்குத்தூண் அவர் ஞாபகமா வச்சதுதான். காலையில அஞ்சரைக்கு வடக்கு வெளி வீதியில ஆரம்பிச்சு நாலு வெளி வீதியையும் ஒரு சுத்து மிதிச்சு வாங்க, பழைய மதுரை எம்புட்டு பெருசுன்னு காலே சொல்லிடும். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் கோட்டை வாசல் ஒண்ணு மிச்சம் நிக்குது, பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல நம்ம யாரும் திரும்பிப் பாக்குறதில்ல.

அப்படியே பத்துத்தூண் சந்துக்குள்ள சைக்கிளை விடுங்க. பகல்ல ஜவுளிக் கடைக் கூட்டத்துல அந்தத் தூணுங்க கண்ணுல தங்காது, விடியக்காலைல ஷட்டர் எல்லாம் சாத்திக் கிடக்குறப்ப பத்தும் வரிசையா ஆகாசத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும். நாயக்கர் மகாலோட சேர்ந்த தூணுங்க அது. 1636ல கட்டின மகால்ல இப்ப நாம டிக்கெட் எடுத்துப் பாக்குறது நாலுல ஒரு பங்குதான், மீதி எங்க போச்சுன்னு கேட்டா இந்தச் சந்துதான் பதில். தூணு ஒண்ணுல உள்ளங்கையை வச்சேன், சில்லுன்னு இருந்துச்சு, கை எடுக்க மனசே வரல.

அங்கருந்து கிழக்க காமராஜர் சாலையைப் பிடிச்சா வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க இங்கதான் மண்ணு தோண்டினாங்க, அந்தப் பள்ளத்தைத்தான் திருமலை நாயக்கர் 1645ல குளமாக்கினாருன்னும், மீனாட்சி கோயில்ல இருக்குற முக்குறுணிப் பிள்ளையார் அதுல கிடைச்சவர்தான்னும் பெரியவங்க சொல்லுவாங்க. அந்தக் கதையை மனசுல வச்சு மகால்ல இருந்து தெப்பக்குளத்துக்கு மிதிச்சுப் பாருங்க, அன்னைக்கு மாட்டு வண்டி போன தூரம் உடம்புக்குத் தெரியும். பைக்ல இது பத்து நிமிசம், ஒண்ணும் தெரியாது.

எந்த சைக்கிள்னா, டவுனுக்குள்ள சாதா ஸ்டாண்டர்டு சைக்கிளே போதும். இருபத்தெட்டு இன்ச் வீலு, பள்ளம் மேடு எல்லாம் தாங்கும், கேரியர்ல தண்ணி பாட்டிலைக் கட்டிக்கலாம், பஞ்சர் ஆனா எந்த மூலையிலயும் ஒட்டிக் கொடுப்பாங்க. எனக்கு ஒரு தடவை வால்டியூப், அதான் வால்வுல மாட்டுற சின்ன ரப்பர் குழாய், போய் காத்து நிக்கல, கடைக்காரரு புதுசு ஒண்ணை மாட்டி காத்து அடிச்சு விட்டாரு, ரெண்டு நிமிச வேலை. கியர் சைக்கிள் எடை கம்மி, ஊரைத் தாண்டிப் போறவங்களுக்கு அதுதான் நல்லது.

ஊரைத் தாண்டின்னா ரெண்டு வழி. ஆனைமலைக்கு மேலூர் ரோடு, ஒத்தக்கடையில திரும்பி நரசிங்கம். கி.பி. 770ல பாண்டியன் அமைச்சர் மாறன்காரி குடைஞ்ச நரசிங்கப் பெருமாள் குடைவரை அது, இடத்தைக் குறை சொல்லவே முடியாது, ஆனா வழி பூரா லாரியும் பஸ்ஸும், சைக்கிள்காரனுக்கு நிம்மதி கிடையாது. அங்க பைக்ல போங்க.

சைக்கிளுக்குன்னா நான் கீழக்குயில்குடி சமணர் மலையைத்தான் சொல்லுவேன். தேனி ரோட்டுல நாகமலைப் புதுக்கோட்டை பக்கம் உள்ள திரும்பினதுமே சத்தம் அடங்கிடும். ஆடி மாசம்னா போறப்ப எதிர்காத்து மூஞ்சியில அறையும், வர்றப்ப அதே காத்து பின்னால இருந்து தள்ளிவிடும், அதனால காலையில தெம்பு இருக்குறப்பவே கிளம்பிடுங்க. மலை அடிவாரத்துல அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக் குளம். சைக்கிளை மரத்தடியில பூட்டிட்டு, பாறையில வெட்டின படியில ஏறினா பேச்சிப்பள்ளம். எட்டுச் சிலை வரிசையா, ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு, கீழ வட்டெழுத்து, அந்தக் காலத்துல தமிழ் எழுதின எழுத்து. மகாவீரர், பாகுபலி, தலைக்கு மேல நாகம் படமெடுத்த பார்சுவநாதர். எழுத்து படிக்கத் தெரியலைன்னாலும் வெயில் சாய்வா விழுற நேரம் அந்த வளைவுங்க நல்லா எடுத்துக் காட்டும்.

சித்தப்பா மகன் தை மாசம் மறுபடி வர்றான். அவனுக்கு ஒரு சைக்கிளை இப்பவே கேட்டு வச்சாச்சு, முதல்ல பத்துத்தூண் சந்துக்குத்தான் கூட்டிட்டுப் போகப்போறேன், கடை திறக்குறதுக்கு முன்னாடி.